பந்தாட்டத்திலும் வருணாசிரமமா?

சென்ற வாரம் வள்ளூரில் நமது கூட்டம் முடிந்து, தோழர்கள் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு தகப்பனாரும் மகனும் நம்மிடம் வந்தார்கள். தகப்பனார் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி. மகனுக்கு வயது பதினான்கு. ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாவது தேறியவன், கால்பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். ஒரு பந்தயத்தில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சென்னைப் பட்டணத்தில் பணக்காரர் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் பயிற்சிக்காரர், "எங்களிடம் வந்து சேர்; சம்பளம் வேண்டாம்; சாப்பாடு, தங்க இடம், பூட்ஸ் எல்லாம் நாங்களே கொடுக்கிறோம்" என்று அழைத்திருக்கிறாராம்.

போகலாமா, வேண்டாமா என்பதில் வீட்டிற்குள் மூன்று கட்சி. தாயார் ஒரு ஜோசியரிடம் போய் 200 ரூபாய் வைத்துக் கேட்டதில், பையனுக்குக் கிழக்குத் திசை யோகமென்று பதில் வந்ததாம். வள்ளூரிலிருந்து கிழக்கே போனால் துறைமுகமும் அதற்கப்பால் கடலும்தான் இருக்கின்றன. எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. சிறிய தகப்பனாரோ, "நம்ம பசங்க படிக்கிற பள்ளியை விட்டுவிட்டு அவர்களுக்குப் போய் ஆடுவதாவது" என்று கோபிக்கிறாராம். தகப்பனாருக்கு எதுவும் தோன்றாமல் நம்மைக் கேட்க வந்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பையனே ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, எங்க பனியன்ல ஆதிதிராவிடர் நலப் பள்ளின்னு போட்டிருக்கு. எதிர் டீம் பசங்க அதைப் படிச்சிட்டு அவங்களுக்குள்ளே சிரிக்கிறாங்க. அந்த ஸ்கூல் பனியனைப் போட்டுக்கிட்டா சிரிக்கமாட்டாங்க இல்லே?"

தோழர்களே! இந்தக் கேள்விக்கு நாம் அந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. சொல்லக்கூடியதாகவும் அது இல்லை. சாப்பாடு எப்படி, பயிற்சி எப்படி என்று அவன் கேட்கவில்லை. எந்தச் சட்டையைப் போட்டால் தன்னை மனிதனாக நினைப்பார்கள் என்று கேட்டான். பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயில் இந்தக் கேள்வியை வைத்தது யார் என்பதைத்தான் நாம் முதலில் யோசிக்கவேண்டும்.

பந்துக்கு ஜாதி கிடையாது. அதை எவன் உதைத்தாலும் அது ஓடத்தான் செய்யும். கோயில் விக்கிரகத்தைப்போல், இன்னார் தொட்டால் தீட்டு என்று அது சொல்லுவதில்லை. ஆனால் பந்து ஓடுகிற மைதானத்திற்கு ஜாதி உண்டு; அந்த மைதானத்தின் ஓரத்தில் வைத்திருக்கிற தண்ணீர்ப் பானைக்கு ஜாதி உண்டு; யார் தலைவன் என்று தீர்மானிக்கிற கமிட்டிக்கு ஜாதி உண்டு. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய அத்தாட்சி இருக்கிறது.

பல்வங்கர் பாலு என்பவர் 1876-ம் ஆண்டு தார்வாரில், தோல் வேலை செய்யும் ஜாதி என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் 3 ரூபாய் சம்பளத்திற்கு மைதானம் பெருக்கினார். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் 4 ரூபாய்க்கு வேலை பார்த்தார். அங்கே துரைமார்கள் மட்டை பிடித்துப் பழகுவதற்காக நாள் முழுவதும் பந்து வீசுவது அவர் வேலை. பந்து வீசலாம், ஆனால் மட்டையை அவர் கையில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. உழைப்பு இவருக்கு, விளையாட்டு அவர்களுக்கு என்கிற அந்த ஏற்பாட்டைத்தானே நம்முடைய சாஸ்திரங்களும் தர்மம் என்று எழுதிவைத்திருக்கின்றன?

அவருடைய இடக்கைப் பந்து வீச்சின் பெருமை ஊரெல்லாம் பரவியபின், வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்கவேண்டும் என்ற ஆசையில் பூனாவின் ஹிந்து கிளப்பார் அவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்தை அவரும் தொடலாம். தேநீர் வேளை வந்தால் மற்றவர்களுக்குக் கொட்டகைக்குள் பீங்கான் கோப்பையில் தேநீர். அவருக்கு வெளியே மண் குவளையில் தேநீர். சாப்பாட்டிற்குத் தனித் தட்டு. பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மாத்திரம் எப்படி ஒட்டியது என்று எந்தச் சாஸ்திரியாவது சொல்லக்கூடுமா?

பின்னர் அவர் பம்பாய் போனார். 1906-லும் 1907-லும் ஹிந்து கட்சி ஐரோப்பியர் கட்சியை ஜெயித்ததில் அவருடைய பங்கு பெரியது. 1911-ல் இந்தியக் கட்சி இங்கிலாந்து போனபோது நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்துத் திரும்பினார். இவ்வளவுக்குப் பிறகும் ஹிந்து கட்சிக்கு அவரைத் தலைவராக்கினார்களா? இல்லை. தலைவராயிருந்த பாய் என்பவரே 1913-ல், இந்தப் பதவி பாலுவுக்குத்தான் போயிருக்கவேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். சொன்ன அவரைப் பாராட்டுகிறோம். ஆனாலும் கமிட்டி அசையவில்லை. 1920-ல் பாலுவும் அவருடைய தம்பிமார்களும் எங்கள் சுயமரியாதைக்குப் பங்கம் என்று சொல்லி விலகி நின்று சண்டை போட்டார்கள். அதன் பலனாக 1923-ல் தம்பி விட்டல் அந்தக் கட்சியின் தலைவரானார். ஆகவே, கெஞ்சினபோது கிடைக்காதது, நியாயம் இருந்தபோது கிடைக்காதது, ஆடமாட்டோம் என்று சொன்னபிறகு கிடைத்தது. இதை நமது பிள்ளைகள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பாலு போட்டிருந்த சட்டை ஹிந்து கட்சியின் பெரிய சட்டைதான். அதனால் மண் குவளை மாறிவிட்டதா? வள்ளூர்ப் பையனின் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நிற்க, இந்த விஷயம் நம் நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் நீக்ரோ மக்கள் என்று இழிவாக வைக்கப்பட்டிருந்த கருப்பு மக்களுக்கு வெள்ளையர் கல்லூரிகளின் வாசல் மூடப்பட்டிருந்த காலத்தில், அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் ஏற்பட்டன. முதலாவது 1837-ல் தோன்றியது. இன்றைக்குச் சுமார் நூறு இருக்கின்றன. அவர்களும் புட்பால் என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அது கையில் பந்தை ஏந்திக்கொண்டு மோதி ஓடுகிற வேறு ஆட்டம். அந்த ஆட்டத்தில் கருப்பர் கல்லூரிகள் மகா வீரர்களை உண்டாக்கின. கிராம்ப்ளிங் என்ற ஊர்க் கல்லூரியில் எட்டி ராபின்சன் என்ற பயிற்சியாளர் 1941 முதல் 1997 வரை இருந்து 408 ஆட்டங்களில் ஜெயம் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் தெற்கத்திய வெள்ளையர் கல்லூரிகள் கருப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. 1970-ல் அலபாமா கல்லூரியின் முழு வெள்ளை அணியை, கருப்பு வீரர்களும் கலந்த தென் கலிபோர்னியா அணி வந்து அதன் சொந்த மாகாணத்திலேயே 42-க்கு 21 என்று தோற்கடித்தது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் தெற்கத்தியக் கல்லூரிகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. மனிதத்தன்மை வந்து திறந்ததைவிட ஜெயிக்கவேண்டும் என்ற ஆசை வந்து திறந்ததே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

கதவு திறந்தவுடன் கெட்டிக்காரப் பிள்ளைகள் பணமுள்ள இடங்களுக்குப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமுடியுமா? அங்கே பெரிய மைதானம், நல்ல வைத்தியர், தொலைக்காட்சி, பெரிய உத்தியோகத்திற்கு வழி. இங்கேயோ பழைய கட்டடம். பழைய கட்டடமாகவே இருக்கும்படி வைத்தது யார்? 2023-ல் அமெரிக்க மத்திய அரசாங்கமே 16 மாகாணங்களின் கவர்னர்களுக்குக் கடிதம் எழுதிற்று: சர்க்கார் நிலம் பெற்ற கருப்பர் கல்லூரிகளுக்கு, அதே மாகாணத்து வெள்ளையர் கல்லூரிக்குக் கொடுத்த விகிதப்படி கொடுத்திருந்தால், முப்பது வருஷத்தில் 1,200 கோடி டாலருக்கு மேல் அதிகமாக வந்திருக்கும் என்று. பிள்ளையின் சோற்றைப் பறித்துக்கொண்டு, உன் பிள்ளைக்குப் பலமில்லை என்று கேலி செய்வது எல்லாத் தேசத்திலும் ஒன்றுபோலவே இருக்கிறது!

2020-ல் டியான் சாண்டர்ஸ் என்ற புகழ்பெற்ற பழைய வீரர் ஜாக்ஸன் ஸ்டேட் என்ற கருப்பர் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்தார். "நம் பிள்ளைகள் நம் கல்லூரிக்கு வரட்டும்" என்று அழைத்தார். அந்தத் தேசத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் முதல் இடத்தில் எண்ணப்பட்ட டிராவிஸ் ஹண்டர் என்ற இளைஞன், 2021 டிசம்பரில் பெரிய கல்லூரியை உதறிவிட்டு அங்கே கையெழுத்துப் போட்டான். கருப்பு மக்கள் ஆனந்தப்பட்டார்கள். ஆனால் ஒரு வருஷம் கழிந்ததும், 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போய்விட்டார். பழைய இடத்தில் வருஷத்துக்கு 3 லட்சம் டாலர். புதிய இடத்தில் ஐந்து வருஷத்துக்கு 2 கோடியே 95 லட்சம். ஹண்டரும் அவர் பின்னே போனான். 2024-ல் அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த பரிசான ஹைஸ்மன் பரிசை வாங்கினான்.

அவன் கெட்டிக்காரத்தனத்தில் குறைவில்லை. சாண்டர்ஸ் செய்தது துரோகம் என்றும் நாம் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு தலைவரை நம்பிக் கட்டப்பட்டது, அந்தத் தலைவர் எழுந்து போனதும் கூடவே போய்விடும். மைதானமும் நிதியும் கமிட்டியும் ஆகிய மூன்றும் நம் கையில் இருந்தால் ஒருவர் போனாலும் இன்னொருவர் வருவார். நாம் அவதாரபுருஷர்களை நம்புவதில்லை என்பது வெறும் சாமி விஷயத்தில் மாத்திரம் அல்ல.

தனிக் கட்சி கட்டினால் பலிக்காது என்று சொல்லுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. கல்கத்தாவில் முகமதியன் ஸ்போர்ட்டிங் என்ற சங்கம், வெளியூர்களிலிருந்தெல்லாம் முஸ்லிம் ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்த்து, 1934-ல் கல்கத்தா லீக்கை ஜெயித்த முதல் இந்தியச் சங்கமாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அதை யாருக்கும் விடவில்லை. பிற்காலத்தில் எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொண்டு, 2024-ல் நாட்டின் முதல் லீகான ஐ.எஸ்.எல். பந்தயத்திலும் புகுந்தது. நம் சென்னையிலும், சேப்பாக்கத்து வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்குச் சம மரியாதை இல்லாததைக் கண்ட புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மூடின கதவின் முன் நின்று முட்டிக்கொள்ளாமல் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளுவது கோழைத்தனமல்ல. அதுவே சுயமரியாதையின் முதல் படி.

இங்கே நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்படலாம். "ஜாதி ஒழியவேண்டும் என்கிற நீங்கள், 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டிலே ஜாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானம் போட்ட நீங்கள், ஜாதிப் பெயர் போட்ட பள்ளிக்கூடத்தை ஆதரிக்கலாமா?" என்று. நியாயமான கேள்வியே. கட்டு என்பது உடைந்த காலுக்கு அவசியம். கால் சேருமுன் கட்டை அவிழ்ப்பவன் வைத்தியனல்ல. கால் சேர்ந்தபின்னும் கட்டோடு திரிபவன் புத்திசாலியுமல்ல. பொதுப் பள்ளிக்கூடங்களின் கதவு காகிதத்தில் திறந்தும் தெருவில் மூடியும் இருந்த காலத்தில்தான் இந்தத் தனிப் பள்ளிகள் வந்தன. ஆல்காட் துரை 1894-ல் சென்னையில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கியதும், பின்னர் சர்க்கார் இலாகா பள்ளிகள் நடத்த வந்ததும், மற்றவர்கள் சேர்க்க மறுத்ததன் காரணத்தாலேயே அன்றி, இவர்களாக ஒதுங்கிப் போனதால் அல்ல. இன்றைக்கு அப்படிப்பட்ட நலப் பள்ளிகள் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்குமேல் இருக்கின்றன.

2023-ல் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில், பள்ளிப் பெயர்களிலுள்ள ஜாதி அடையாளத்தை எடுத்துவிடவேண்டும் என்று சிபாரிசு செய்தது. 2025-ல் மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைக்கப்பட்டது. நாம் இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயர்ப் பலகையிலிருந்து ஜாதி போவது நல்லது. பெயரோடு சேர்ந்து பணமும் வாத்தியாரும் இடமும் போய்விடக்கூடாது. நோயின் பெயரைச் சீட்டிலிருந்து அழித்துவிட்டு மருந்தையும் நிறுத்திவிட்டால் பிழைக்கப்போகிறவன் யார்?

இனி வள்ளூர்ப் பையனின் விஷயத்திற்கு வருவோம். நாம் தகப்பனாரிடம் கோபமும் வேண்டாம், ஜோசியமும் வேண்டாம், கணக்குப் போடுங்கள் என்று சொன்னோம்.

அந்தப் பள்ளிக்கூடத்தார் அழைப்பது பையனையா, அவன் காலையா? கால் ஒடிந்துபோனால், அல்லது புதிய பயிற்சிக்காரர் வந்து இவன் வேண்டாமென்றால், பன்னிரண்டாவது முடியும்வரை இலவசமாகவே வைத்துக்கொள்ளுவதாக எழுத்தில் தருவார்களா? வாய் வார்த்தையானால் அது ஜோசியர் வார்த்தைக்குச் சமானம்.

இரண்டாவது, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 2020 முதலும், என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவிகித இடம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நலத்துறைப் பள்ளியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அவ்விதம் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்குத் தாண்டினால் இரண்டும் போகும். ஒரு ஜோடி பூட்ஸுக்காக ஒரு டாக்டர் இடத்தை விற்கிறோமா என்று யோசிக்கவேண்டும். இந்தச் செய்தியை, அழைக்க வந்த பயிற்சிக்காரர் சொல்லவில்லை, ஜோசியரும் சொல்லவில்லை.

மூன்றாவது, இவ்வளவும் பார்த்து, அங்கே எழுத்தில் உறுதி கிடைத்து, பயிற்சியும் படிப்பும் உண்மையிலேயே மேலானதாயிருந்தால், தாராளமாகப் போகட்டும். அது ஒன்றும் இனத் துரோகமாகாது. சிறிய தகப்பனாரின் கோபத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நல்ல பூட்ஸும் நல்ல மைதானமும் கொடுக்கமுடியாத நாம், பிள்ளையின் தலையில் மாத்திரம் இனத்தின் மானத்தைத் தூக்கி வைப்பது நியாயமாகாது. தியாகம் செய்யவேண்டியவர்கள் பெரியவர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை அல்ல.

பெரியவர்கள் செய்யக்கூடாத காரியமும் அல்ல இது. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் இயந்திரம் மூன்று; ஆக 1,500 மெகாவாட். இவ்வளவு மின்சாரம் உண்டாகிற பக்கத்தில், சாம்பலும் தூசியும் நமக்கு, வெளிச்சம் ஊருக்கெல்லாம் என்றிருக்கலாமா? சாயங்காலம் ஏழு மணிக்குப் பிள்ளைகள் ஆட நான்கு விளக்கு உள்ள ஒரு மைதானம் வேண்டுமென்று பஞ்சாயத்தையும் மின் நிலையத்தாரையும் துறைமுகத்தாரையும் ஊர் கூடிக் கேட்கவேண்டும். கேட்பது பிச்சை அல்ல. நம் காற்றுக்கும் நம் நிலத்துக்கும் உண்டான பாக்கி. ஆடி மாதத்தில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் வீட்டுக்கு வீடு வசூலாகும் பணத்தில் பாதியை எடுத்தால் ஒரு அணிக்குப் பூட்ஸும் பந்தும் வருஷம் முழுவதும் ஓடும். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள், கோபித்துக்கொண்டாள் என்று யாராவது சொன்னால் அவர் வசூல்காரராகத்தான் இருப்பார்.

நம் பக்கத்திலேயே வியாசர்பாடி இருக்கிறது. சேரி என்று இகழ்ந்த அந்த இடத்தில், இருபது ஆண்டுகளுக்குமேலாக ஒரு சங்கம் மாலைப் படிப்பையும் பந்தாட்டத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறது. இன்றைக்கு ஊரார் அதைச் சின்ன பிரேசில் என்கிறார்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர்தான், 2023 ஆகஸ்டு 12-ம் தேதி கல்கத்தாவில் நடந்த டூரண்டு கோப்பைப் பந்தயத்தில், ஈஸ்ட் பெங்கால் கட்சிக்காக ஒரு கோல் போட்டு மோகன் பகானைத் தோற்கடித்தவர். தெருவில் முளைத்தது தெருவிலேயே மடியவேண்டுமென்ற விதி எதுவும் இல்லை. விதி என்பதே இல்லை என்பதல்லவா நமது கட்சி!

பாலுவின் கதையில் இன்னொரு பாகத்தையும் சொல்லி முடிக்கிறோம். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரஸ் நிறுத்தியது இதே பாலுவைத்தான். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. பந்து வீசும்போது வெளியே மண் குவளை கொடுத்த சமூகம், தன் சொந்த மக்களின் தலைவரை எதிர்ப்பதற்கு ஆள் வேண்டியிருந்தபோது அவரை நடுக் கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டது. நம்மில் கெட்டிக்காரர்களை அழைக்கிறவர்கள் எதற்கு அழைக்கிறார்கள் என்று ஒவ்வொரு தரமும் கேட்டுக்கொள்ளவேண்டியது இதனால்தான்.

கடைசியாக அந்தப் பையனுக்கு நாம் சொன்ன பதில் இது: "தம்பி! சட்டை மாறினால் சிரிப்பு நிற்காது. பெரிய பள்ளிச் சட்டையைப் போட்டாலும், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறவன் சிரிப்பான். அவன் சிரிப்பது உன் பனியனைப் பார்த்து அல்ல. அவன் தகப்பனார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்யைப் பார்த்து. வெட்கப்படவேண்டியவன் அவன். நீ எங்கே படிப்பது என்பதைப் படிப்பையும் ஆட்டத்தையும் பார்த்துத் தீர்மானம் செய். வெட்கத்தைப் பார்த்துத் தீர்மானம் செய்யாதே."

பையன் சிறிது நேரம் நின்றான். பிறகு, "ஜோசியர்கிட்டே அந்த 200 ரூபாயைத் திருப்பிக் கேக்கலாமா, ஐயா?" என்றான். கேட்கலாம் என்றோம். தகப்பனார் பள்ளிக்கூடத்தாரிடம் எழுத்தில் வாங்கிவந்து காட்டுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

தோழர்களே! ஒரு பையனுக்குப் பதில் சொல்லிவிட்டோம். அவனைப்போல் மீஞ்சூரிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்லுவது? நாம் நல்ல மைதானத்தைக் கட்டி, நல்ல பள்ளியை நடத்தி, அதன் கமிட்டியில் நாமே உட்கார்ந்தால், "எந்தச் சட்டையைப் போட்டால் மதிப்பார்கள்" என்று கேட்கிற பிள்ளை நம் ஊரில் இல்லாமற்போவான். அந்த வேலையை இந்த வருஷமே தொடங்கவேண்டுமென்று வள்ளூர்த் தோழர்களையும், சுற்றுவட்டாரத் தோழர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.